பசுவும் கன்றும் போட்ட டின்

என் மகளுக்காக நான் கடையில் வாங்கிய முதல் பொருள் ஒரு சோப்புக்கட்டி. அதை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். சிரிக்க வேண்டாம். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. தோட்டத்தில் நான் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அவன் போன பிறகு, தம்பிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே எந்தச் சாமானை எடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பேன், பிறகு கையில் தேய்த்துப் பார்ப்பேன், கடைக்காரர் திரும்பிய நேரம் லேசாக நக்கியும் பார்ப்பேன். எரியவில்லை, கசக்கவில்லை, காந்தவில்லை என்றால் அது பிள்ளைக்கு ஆகும். அவ்வளவுதான் என் படிப்பு.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேச்சாகக் கிடந்த வருடம் அது. காஜா பெராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில், ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். சிங்கப்பூருக்குச் சரக்கு ஏற்றிப் போனால் பத்து நாள் கழித்து வருவார், ஒரு நாள் தூங்குவார், மறுபடி போய்விடுவார். பிரசவத்துக்கு வந்த என் அம்மா பன்னிரண்டாம் நாளே தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். காலைப் பெரட்டில், ஆள் எண்ணும் வரிசையில், நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். போகும்போது, “பாத்துக்க” என்று மட்டும் சொன்னாள். எதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்ல அவளுக்கு நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

தோட்டத்தில் லயத்து வீடுகளில் ஒரு பிள்ளை தும்மினால் அந்த வரிசை முழுக்கக் கேட்கும். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி உயிரை எடுப்பார்கள். அந்தத் தொல்லைக்கு நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சந்தில் நாள் முழுக்க என் குரலைத் தவிர வேறு தமிழ்க் குரல் கேட்காது. பிள்ளையிடம் பேசுவேன். அது தூங்கிவிட்டால் அடுப்பிடம் பேசுவேன். சில நாள் காலையில் வாய் திறந்தால் குரல் கரகரத்து வரும், முந்தைய மதியத்தோடு பேச்சு நின்று போயிருக்கும்.

அதனால் பிள்ளைக்குச் சாமான் தேர்ந்தெடுப்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து ஒரு பவுடர் டின் கொண்டுவந்தார். அதை என் கழுத்தில் மூன்று நாள் போட்டுப் பார்த்தேன். நான்காம் நாள் அரித்தது. எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டேன்.

“வெள்ளக்காரன் புள்ளைங்களுக்கே போடுற பவுடரு, ஒனக்கு அரிக்குதா?” என்று அவர் கேலி செய்தார்.

“வெள்ளக்காரன் தோலு வேற, நம்ம தோலு வேற” என்றேன். அதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது.

கடை மையை வாங்கவே இல்லை. விளக்கெண்ணெய் ஊற்றித் திரி எரித்து, கரியை வழித்து நானே மை கூட்டினேன். பால்புட்டி வாங்கியபோது அதன் ரப்பரைப் பத்து நிமிஷம் வாயில் போட்டு மென்று, ரப்பர் வாடை போகும்வரை வெந்நீரில் அவித்தேன். ரப்பரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், பால்மரத்துக்கு நடுவே வளர்ந்தவள். இப்படி ஒவ்வொன்றையும் சல்லடை போட்டுச் சலித்தேன். சலித்துச் சலித்து, கடைசியில் தவறவிட்டது எதை என்றால், பாலை.

இருபதாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் நெருப்பாய்க் கொதித்து, விட்டபோது பாலும் விட்டுப் போயிருந்தது. பிள்ளை வாய் வைத்து இழுக்கும், ஒன்றும் வராது, என் முகத்தைப் பார்க்கும். பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க மாரில் பால் இல்லை என்று சொல்வதைவிட வெட்கம் எனக்கு அப்போது வேறு எதுவும் இருந்ததில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

சந்து முனையில் ஒரு மளிகைக் கடை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டின் பால் கேட்டேன். கடைக்காரர் தமிழர்தான், ஆனால் எப்போதும் பரபரப்பாய் இருப்பார். “எந்தப் பால் தங்கச்சி? காப்பிக்கா?” என்றார். ‘பிள்ளைக்கு’ என்ற வார்த்தை வாயில் வந்தது. பக்கத்தில் இரண்டு பெண்கள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றார்கள். “ஆமா, காப்பிக்குத்தான்” என்றேன்.

அவர் மூன்று டின்களை எடுத்து வைத்தார். ஒன்றில் கப்பல் படம், ஒன்றில் பூங்கொத்து, ஒன்றில் கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிற்கும் பசு. கன்று முட்டிப் பால் குடிக்கிறது, பசு திரும்பி அதை நக்குகிறது. இதைவிட என்ன வேண்டும்? தாய் பிள்ளைக்குக் கொடுக்கிற பால் என்றுதானே படம் போட்டிருக்கிறான்? பசு போட்ட டின்னை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து துளை போட்டு, ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். எரியவில்லை, கசக்கவில்லை. தேனாய் இனித்தது.

பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எங்கள் சமையல்கட்டுக்கும் அவர் வீட்டுக் கிணற்றடிக்கும் நடுவில் ஒரு வேலிதான். அவர் செட்டி வீட்டுப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். அவரும் புருஷனும் மட்டும்தான், பிள்ளை இல்லை. வாசல் நிலையில் மாவிலை காய்ந்து தொங்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோவிலுக்கு விளக்குப் போடப் போவார், நெற்றியில் திருநீறு இருக்கும். ஆனால் உடுத்துவது மலாய்க்காரிகளைப் போல சாரோங் கெபாயா. குடிவந்த முதல் வாரம் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. வேலியோரம் ஓடிப்போய், “அக்கா, நீங்க எந்தப் பக்கம்? தமிழ்நாட்டுல எந்த ஊரு?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே எங்கள் சித்தி சிரிப்பு. பிறகு மலாயில் ஏதோ சொன்னார். தமிழ் அவருக்குத் தெரியாது. அவர் அம்மாவுக்கும் தெரியாதாம். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்டவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று எனக்கு வந்த ஆத்திரம் நியாயமில்லாதது. ஏமாந்துபோன ஆத்திரம். சாமி தமிழ்ச்சாமி, முகம் தமிழ் முகம், வாயில் மட்டும் தமிழ் இல்லையா? மொழியைத் தொலைத்தவளுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுவிட்டேன். எனக்கும் ஒரு எழுத்து தெரியாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

பிள்ளை பிறந்த இரண்டாம் வாரம் அவர் வேலிக்கு மேலாக ஒரு பால்புட்டியை நீட்டினார். தோணி மாதிரி வளைந்த பழைய கண்ணாடிப் புட்டி, பளபளவென்று துலக்கியிருந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் பால்புட்டி எதற்கு என்று எனக்குள் சுருக்கென்றது. வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் அதைத் திரும்ப முந்தானை மாதிரி இருந்த துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

டின் பால் கொடுக்க ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். நான் சமையல்கட்டில் பாலைக் கலக்கிக்கொண்டிருந்தபோது அவர் கிணற்றடியிலிருந்து பார்த்துவிட்டார். வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலிக்கு வந்தார். டின்னைக் கையால் காட்டி, “ஜாங்ஙான். சூசு இனி தா போலே காசி பூடாக்” என்றார். தோட்டத்து மலாய் எனக்குத் தெரியும். வேண்டாம், இந்தப் பால் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்கிறார். நன்றாகவே புரிந்தது. புரிந்தும், எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பிள்ளை இல்லாதவள் கண், பால் குடிக்கிற பிள்ளை மேல் விழுந்துவிட்டது. ஜன்னல் கதவைச் சாத்தினேன். அன்றைக்கே பழைய புடவையைக் கிழித்து ஜன்னலுக்குத் திரை கட்டினேன். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். பிள்ளையின் கன்னத்துப் பொட்டை இரண்டு மடங்கு பெரிதாக வைத்தேன்.

அதற்குப் பிறகு திரைக்குப் பின்னால் வைத்துத்தான் பாலூட்டினேன். கண்படாமல் காப்பதாக நினைத்துக்கொண்டு, நான் செய்வது தப்பு என்று சொல்லக்கூடிய ஒரே ஆளின் கண்ணில் படாமல் காத்தேன்.

பிள்ளைக்கு முகம் உப்பலாக இருந்தது, கையும் காலும் சூம்பின. தொடையில் தோல் மடிப்பு விழுந்தது. அதிகம் அழாது. சமர்த்துப் பிள்ளை என்று பெருமைப்பட்டேன். அழுவதற்கு அதற்குச் சத்து இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்பு வயிற்றுப்போக்கு தொடங்கியது. வசம்பு சுட்டு உரசி நாக்கில் தடவினேன், ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன், பாலைக் கொஞ்சம் கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தேன். சுதந்திர தினத்தன்று காலையில் சந்து முழுக்க மெர்டேக்கா, மெர்டேக்கா என்று ஒரே கூச்சல். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, காகிதக்கொடி பிடித்துக்கொண்டு ஊரே திடலுக்குப் போனது. பிறகு சத்தம் அடங்கிவிட்டது. நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையின் உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து, கண் பாதி திறந்தபடி கிடந்தது. புட்டியை வாயில் வைத்தால் சப்பவில்லை. வீட்டுக்காரர் எந்த ஊரில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்தேன். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு மனுஷன் இல்லை. நாட்டுக்கே நல்ல நாள், என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்கு ஒரு ஆள் இல்லை.

நான் கத்தினேனா, அழுதேனா, நினைவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து நின்றார். அவர் மட்டும் திடலுக்குப் போகவில்லை. பிள்ளையின் உச்சியில் கை வைத்துப் பார்த்தார். விறுவிறுவென்று என் சமையல்கட்டுக்குள் போய் வந்தார். பெரிய தெருவுக்கு ஓடி ஒரு பெச்சா ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெச்சாக்காரர் மிதிக்க மிதிக்க, அவர் பிள்ளையின் வாயில் விரலால் தண்ணீர் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சீன மிசி, நர்சம்மா, பிள்ளையை வாங்கிக்கொண்டாள். என்ன பால் குடிக்கிறது என்று மலாயில் கேட்டாள். சுற்றிலும் பெண்கள். உயிர் போகிற நேரத்திலும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? “சூசு பாடான்” என்றது. தாய்ப்பால்.

மிசி எழுதப் போனாள். அப்போது அந்த அம்மாள், கெபாயாவின் மேலே போட்டிருந்த துண்டுக்குள்ளிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். டொக்கென்று ஒரு சத்தம். பசுவும் கன்றும் போட்ட டின்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மிசி டின்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சுற்றியிருந்த எல்லோரும் பார்த்தார்கள். மிசி படபடவென்று திட்டியதை, கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு தமிழம்மா வந்து எனக்குச் சொன்னாள்: “அது ஆடையெல்லாம் எடுத்துட்டுச் சீனியக் கொட்டுன பாலும்மா. புள்ளைக்குக் குடுக்கப்படாதாம். பொய் வேற சொல்றியேன்னு திட்டுறாங்க.”

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆறு நாள் கழித்து, பவுடர் பால் டின் ஒன்றோடு வீட்டுக்கு வந்தோம். இடையில் ஒருநாள் அந்த அம்மாள் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிள்ளையைக் காப்பாற்றியவர் என்று மனதின் ஒரு பக்கம் சொல்லும். இன்னொரு பக்கம், நாலு பேர் நடுவில் என்னைப் பொய்க்காரி ஆக்கினவள் என்று சொல்லும். இரண்டாவது பக்கம்தான் சத்தமாகப் பேசியது. வீட்டுக்காரர் வந்து விஷயம் தெரிந்து, “பால் இல்லன்னா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டபோது, அந்தக் கோபமும் சேர்ந்து வேலிக்கு அந்தப் பக்கம் போனது.

ஆறு ஏழு வருடம் அந்த அம்மாளிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே கொடிக்கயிற்று வெயில், ஒரே சந்து, ஒரே கோவில் மணிச்சத்தம், பேச்சு மட்டும் இல்லை. சந்தில் பேச இருந்த ஒரே ஆளையும் நானே வெட்டிவிட்டுக்கொண்டு, பிறகு யாருமில்லையே என்று குமைந்தேன். மகளுக்கு இந்தத் தகராறெல்லாம் தெரியாது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வேலி இடுக்கில் புகுந்து அங்கே போய்விடுவாள். மலாய்க்காரர்கள் அத்தையைக் கூப்பிடுவது மாதிரி அவரை மக்சிக் என்று கூப்பிட்டு, மலாயில் வாய் ஓயாமல் பேசிவிட்டு, வாயில் பலகார வாசனையோடு திரும்புவாள். எட்டு மாதம் வரைக்கும் தாய்ப்பால் குடித்த பிள்ளை என்று அவளிடமும் கேட்பவர்களிடமும் சொல்லிவைத்திருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

அந்த டின் மட்டும் வீட்டிலேயே இருந்தது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அரிசி அளக்கப் பால் டின்தான். ஆஸ்பத்திரிப் பையோடு திரும்பி வந்ததை, உள்பக்கம் மட்டும் கழுவித் துடைத்து அரிசிப் பானைக்குள் போட்டேன். தண்ணீர் படாமல் அரிசிக்குள்ளேயே கிடந்ததால், மேலே ஒட்டியிருந்த காகிதம்கூட அவ்வளவாகக் கிழியவில்லை. பசுவின் முகம் மட்டும் என் கட்டைவிரல் பட்டுப் பட்டு அழிந்துபோயிருந்தது.

மகள் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்த வருடம். கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் கூட்டிப் படிக்கிற பைத்தியம் அவளைப் பிடித்திருந்தது. ஒரு நாள் மத்தியானம், “ரெண்டு டின் அரிசி போடும்மா” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அரிசி வரவில்லை. திரும்பிப் பார்த்தால், டின்னைத் தலைகீழாகப் பிடித்து, அப்புறம் நேராகப் பிடித்து, விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பசுவுக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் நாலு வகை எழுத்து இருந்தது. அதில் ஒன்று தமிழ்.

“ஆ... டை... ஆடை. எடுத்த. பால். கை... கைக்... குழந்... கைக்குழந்தைகளுக்கு... ஏற்... ஏற்ற... ஏற்றதல்ல.”

மூச்சு வாங்கிவிட்டு நிமிர்ந்தாள். “ஏற்றதல்லன்னா என்னாம்மா?”

“ஆகாதுன்னு அர்த்தம்” என்றேன்.

“கைக்குழந்தைக்கு ஆகாதா? அப்ப இத யாருக்கும்மா வாங்குன?”

வெங்காயம் கையில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. இத்தனை நாளும் எனக்கு யார் சொன்னார்கள், எனக்கு எப்படித் தெரியும் என்று என்னை நானே மன்னித்துக்கொண்டு வந்திருந்தேன். சொல்லியிருக்கிறார்கள். தமிழில் சொல்லியிருக்கிறார்கள், என் தாய்மொழியில், ஒவ்வொரு வேளையும் என் உள்ளங்கைக்குள் வைத்து. தமிழ் தெரியாதவள் என்று நான் இளக்காரம் செய்த பெண் மலாயிலும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் நான் கேட்கவில்லை.

“உனக்குத்தான்” என்றேன். ஏழு வருடத்தில் அந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் உண்மை அது. “எனக்குப் பால் இல்ல. படிக்கத் தெரியாம இத வாங்கிக் குடுத்துட்டேன். பக்கத்து வீட்டு மக்சிக்தான் ஒன்னத் தூக்கிட்டு ஓடுனாங்க.”

அவள் இரண்டு டின் அரிசியை அளந்து போட்டாள். பிறகு, பிள்ளைதானே, “எனக்குப் பசிக்குது” என்றாள். சோறு வடித்துப் போட்டேன். அவள் சாப்பிட்டு எழுந்ததும் டின்னை எடுத்துக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு, வேலி இடுக்கு வழியாக அல்ல, வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். அந்த வீட்டு வாசலில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, வந்த மலாய் கொஞ்சம்தான். டின்னை அவர் கையில் கொடுத்தேன். மகள் அந்த வரியைத் தமிழில் ஒருமுறை உரக்கப் படித்து, மலாயில் அர்த்தம் சொன்னாள். அவர் அந்த எழுத்தைக் குனிந்து பார்த்தார், தலைகீழாகப் பிடித்தபடியே. அவருக்கும் படிக்கத் தெரியாது. தமிழ் மட்டுமல்ல, எந்த எழுத்துமே.

“பிறகு எப்படி உங்களுக்குத் தெரியும்?” என்று கேட்டேன்.

அவர் டின்னைத் தரையில் வைத்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அந்தத் தோணிப் புட்டி இருந்தது. அதே பளபளப்பு. புட்டியை டின்னுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். ஜப்பான் சண்டைக்கு முந்தி, தனக்கும் பால் வற்றியதாகவும், தானும் இதே மாதிரி டின்தான் வாங்கியதாகவும், அப்போது யாரும் வந்து பார்க்கவில்லை என்றும் சொன்னார். பிள்ளை ஐந்து மாதம்தான் இருந்ததாம்.

மகள் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் தடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஏழு வருடமாக நான் கேட்காத ஒன்றை, அப்போது கேட்டேன். ஆணா, பெண்ணா என்று கேட்டேன்.

“பெரெம்புவான்” என்றார். பெண் குழந்தை.